ஒரு நோய்ப்பெயரின் பிறப்பும் மறைவும்

உலா இலக்கியங்களைப் பாடம் சொல்லும்போதெல்லாம் நமக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. தலைவன் வீதியில் பவனி வருகிறான்; பேதை முதலாக ஏழு பருவப் பெண்களும் கண்டு மயங்குகின்றனர். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என அழகாக அடுக்கிக்கொண்டு வரும் பாட்டியல் மரபு, பேரிளம்பெண்ணுக்கு நாற்பது வயதை எல்லையாக வைத்து அத்துடன் நின்றுவிடுகிறது. நாற்பத்தொன்றாம் வயதில் அந்தப் பெண் எங்கே போனாள்? அதே வீதியில்தான் நின்றிருப்பாள். புலவன் கண்ணுக்கு அவள் தெரியவில்லை, அவ்வளவே.

நம் புலவர்கள் பெயரிடாமல் விட்ட அந்த வயதுக்கு ஐரோப்பிய மருத்துவம் பெயரிட்டது. பெயரிட்டதோடு நில்லாமல் அந்த வயதுக்கே உரியதென ஒரு மனநோயையும் வகுத்தது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அந்நோய் பாடநூல்களில் இடம்பெற்றது. அதன் பெயரால் பெண்கள் மனநலக் காப்பகங்களில் அடைக்கப்பட்டனர், ஊசி போடப்பட்டனர், மின்னதிர்ச்சிக்கு உள்ளாயினர். பின்னர் 1980ஆம் ஆண்டில் ஒரு கையேட்டின் புதிய பதிப்பு வந்தபோது அந்நோய் அதிலிருந்து காணாமற்போயிற்று. 'இன்வல்யூஷனல் மெலன்கோலியா' என்பது அதன் பெயர். 'பின்னொடுங்கு பருவத்துத் துயரநோய்' எனத் தமிழில் சொல்லிப் பார்க்கலாம். மாதவிடாய் நின்ற பெண்ணின் மனச்சோர்வையும் பதற்றத்தையும் மருத்துவம் எவ்வாறு கண்டது, எவ்வாறு காணத் தவறியது என்பதை அறிய இப்பெயரின் கதையைவிடச் சிறந்த வாயில் இல்லை என்பது நம் கருத்து.

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. நாளிதழ்களில் 'மன அழுத்தம்' என்றே எழுதிவிடுகின்றனர். வேலை மிகுதியால் வரும் நெருக்கடியும் அதுதான், மாதக்கணக்கில் எழமுடியாமல் கிடக்கும் நோயும் அதுதான் என்றாகிவிட்டது. இக்கட்டுரையில் பின்னதை 'மனச்சோர்வு' என்றே குறிப்போம்.

மெலன்கோலியா என்ற சொல் மிகப் பழையது. கிரேக்க மொழியில் அதற்குக் கரும்பித்தம் என்று பொருள். உடலில் நான்கு நீர்கள் உள்ளன; அவற்றுள் கரும்பித்தம் மிகுந்தால் மனம் இருளும் என்று அவர்கள் நம்பினர். இந்த நீர்க் கோட்பாட்டினுள் மாதவிடாய்க்கு ஒரு பணி இருந்தது: மிகையான குருதியை உடல் அதன்வழியே வெளியேற்றுகிறது என்றனர். அப்படியானால் அது நின்றபின் அக்குருதி எங்கே போகும்? உடலுக்குள்ளேயே தேங்கும், தலைக்கு ஏறும், மூளையைக் கலக்கும். தருக்கம் என்னவோ ஒழுங்காகத்தான் இருக்கிறது, அடிப்படைதான் தவறு. இதனால் நாற்பதைக் கடந்த பெண்களுக்கு நரம்பைக் கீறிக் குருதி வடிப்பதும் அட்டை விடுவதும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை மருத்துவமாகவே நடந்து வந்தன.

பிரெஞ்சு நாட்டில் இப்பருவத்தைப் பெண்களின் நரகம் என்று சொல்லும் வழக்கு இருந்தது. சற்று நாகரிகமாகச் சொல்ல விரும்பியோர் இடர்மிகு வயது என்றனர். 1816இல் கார்டான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் அவ்வயதை எய்தும் பெண்களுக்கு அறிவுரையாக ஒரு நூல் எழுதினார். திங்கள், நிறுத்தம் என்னும் பொருள்தரும் இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்து அதில் ஒரு புதுச்சொல்லைப் படைத்தார். 1821இல் வந்த அடுத்த பதிப்பில் அச்சொல்லைச் சுருக்கி 'மெனோபாஸ்' என்று ஆக்கினார். இன்று உலகெங்கும் வழங்கும் சொல் அதுவே. இயல்பாக நிகழ்ந்துவரும் ஒன்றுக்குக் கிரேக்கப் பெயர் வாய்த்துவிட்டால் அது மருத்துவரின் உடைமையாகிவிடுகிறது. நம் பாட்டிமார் 'நின்றுபோயிற்று' என்ற ஒற்றைச் சொல்லோடு கடந்து சென்றதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அவர்கள் துன்புறவில்லை என்று இதற்குப் பொருளில்லை. அவர்களை யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மை.

இங்கிலாந்தில் எட்வர்டு டில்ட் என்ற மருத்துவர் 1857இல் இப்பருவத்தைப் பற்றி முழுநூல் ஒன்றை வெளியிட்டார். உடலில் வெம்மை பரவுதல், வியர்த்தல், தலைசுற்றல் ஆகியவற்றுடன் எரிச்சல், சோர்வு, காரணமற்ற அச்சம் எனத் தம்மிடம் வந்த பெண்கள் சொன்னவற்றை அவர் அட்டவணைப்படுத்தினார். அக்காலத்துக்கு அது பெரிய செயல்தான். ஆனால் மருத்துவமனைக்கு வந்த பெண்களை மட்டுமே அவர் கண்டார், வராதவர்களைக் காணவில்லை. அபின் முதலிய அமைதிமருந்துகளும் குருதி வடித்தலும் அவரது கைமருந்துகளாக இருந்தன. வந்தவர்களை வைத்து வராதவர்களையும் அளக்கும் இந்தப் பிழை அடுத்த நூறாண்டுகளுக்கு ஆராய்ச்சியைத் தொடர்ந்து வந்தது.

இனி நம் கதையின் முதன்மைப் பாத்திரத்துக்கு வருவோம். எமில் கிரெப்பலின் என்னும் செருமானிய மருத்துவர் ஐடல்பர்க் நகரின் மனநல மருத்துவமனைக்கு 1891இல் பொறுப்பேற்றார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை எழுதிவைப்பது அவர் வழக்கம். நோய் தொடங்கிய வயது, போக்கு, முடிவு என எல்லாம் அந்த அட்டையில் இருக்கும். இன்று தோன்றும் அறிகுறியை வைத்து நோயைப் பிரிக்கக்கூடாது, அது எப்படித் தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கொண்டே பிரிக்க வேண்டும் என்பது அவரது கோட்பாடு. தற்கால மனநல மருத்துவத்தின் அடித்தளமே இதுதான் எனலாம்.

1896இல் வெளிவந்த அவரது பாடநூலின் ஐந்தாம் பதிப்பில், முதுமையை நோக்கி உடல் ஒடுங்கத் தொடங்கும் பருவத்தின் மனநோய்கள் எனத் தனிப் பகுதி அமைந்தது. மெலன்கோலியாவை அவர் அங்கே வைத்தார். இளமையில் வரும் துயரநோய் வந்து வந்து நீங்குவது. இதுவோ நாற்பதுக்குமேல் முதன்முறையாக வருவது, அச்சமும் பதைப்பும் மிகுந்தது, மீள்வது அரிது என்றார். ஆண்களுக்கும் வரும் என்றாலும் பெண்களிடம் மிகுதி என்று கருதப்பட்டது. கையைப் பிசைந்துகொண்டு அறைக்குள் இங்குமங்கும் நடக்கும் பெண். பல்லாண்டுகளுக்கு முன் செய்த சிறு பிழை ஒன்றுக்காகத் தான் தண்டிக்கப்படுவதாக அழும் பெண். தன் குடல் அழுகிவிட்டது என்று சாதிக்கும் பெண். பாடநூல்கள் இந்தச் சித்திரத்தை மீண்டும் மீண்டும் வரைந்தன. இவ்வாறு பதைப்பவர்கள் உயிரை மாய்த்துக்கொள்ளக் கூடும் என்ற எச்சரிக்கையும் உடன் இருந்தது. அத்துன்பம் பொய்யன்று. அதைக் கண்ட மருத்துவர்களும் பொய் சொல்லவில்லை. அதற்குக் காரணம் வயதும் கருப்பையும் என்று முடிச்சுப் போட்டதில்தான் சிக்கல்.

இவ்விடத்தில் வரலாறு ஒரு சுவையான திருப்பம் காட்டுகிறது. டிரைபஸ் என்ற இளம் மருத்துவர், கிரெப்பலின் இந்நோய் எனக் குறித்துவைத்த அதே ஐடல்பர்க் நோயாளிகளைத் தேடிப்போய் அவர்களது பிற்கால வாழ்வை ஆராய்ந்தார். 1907இல் தம் முடிவை நூலாக வெளியிட்டார். அவர்களுள் பெரும்பாலோர் நலம் பெற்றிருந்தனர். சிலர் பல ஆண்டுகள் கழித்து. மேலும், பலருக்கு இளமையிலேயே சிறிய அளவில் இத்தகைய சோர்வு வந்து நீங்கியிருந்தது; அட்டை எழுதியபோது எவரும் கேட்கவில்லை. ஆகவே தனி நோய் என ஒன்றில்லை, இதுவும் வந்து நீங்கும் துயரநோயின் ஒரு தோற்றமே என்றார். தம் கருத்தை மறுத்த நூலைக் கிரெப்பலின் ஒதுக்கிவிடவில்லை. 1913இல் வந்த எட்டாம் பதிப்பின் தொகுதியில் தனி நோய் என்னும் தகுதியை அதனிடமிருந்து எடுத்துவிட்டார். அறிஞர் ஒருவர் தாம் நட்டதைத் தாமே பிடுங்குவது அரிதாகக் காணக்கிடைக்கும் காட்சி. நம் பல்கலைக்கழகங்களில் அதை நாம் இன்னும் கண்டதில்லை.

ஆனால் பெற்றவர் கைவிட்ட பிள்ளையை ஊரார் எடுத்து வளர்த்தனர். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அப்பெயர் மேலும் அறுபது ஆண்டுகள் செழித்தது. ஏன் செழித்தது என்று கேட்க வேண்டும். அது எளிதாக இருந்தது என்பதே காரணமாகத் தோன்றுகிறது. ஐம்பது வயதுப் பெண் அழுதுகொண்டு வருகிறாள். அவள் வயதே விடையாகிவிடுகிறது. அவள் கணவனைப் பற்றியோ, இறந்த மகனைப் பற்றியோ, இருபதாவது வயதில் பிள்ளைப்பேற்றுக்குப் பின் ஆறு மாதம் பேசாமல் கிடந்ததைப் பற்றியோ கேட்கத் தேவையில்லை.

1923இல் எட்கர் ஆலனும் எட்வர்டு டாய்சியும் சூலகச் சுரப்பின் ஆற்றலை விலங்குகளிடம் மெய்ப்பித்தனர். 1929இல் டாய்சி செயின்ட் லூயி நகரிலும், பூட்டெனாண்ட் செருமனியிலும் அதனைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தனர். ஈஸ்ட்ரோஜன் எனும் ஹார்மோனின் வரலாறு இவ்வாறு தொடங்குகிறது. செயின்ட் லூயியிலேயே ஆகஸ்ட் வெர்னர் என்ற மருத்துவரும் அவர்தம் குழுவினரும் துயரநோயால் காப்பகத்தில் இருந்த பெண்களுக்கு இம்மருந்தை ஊசியாக ஏற்றி, நற்பலன் கண்டதாக 1934இல் எழுதினர். சூலகம் ஓய்ந்ததால் ஹார்மோன் குறைந்தது, ஹார்மோன் குறைந்ததால் மனம் நோயுற்றது, ஆகவே ஹார்மோனைத் திருப்பிக் கொடுப்போம் என்பது அவர்கள் வாதம். தேங்கிய குருதியின் இடத்தில் வற்றிய சுரப்பு வந்து அமர்ந்தது. மற்றவர்கள் செய்து பார்த்தபோது பலன் அத்தனை உறுதியாக இல்லை. இதற்கிடையே 1938இல் உரோமாபுரியில் செர்லெட்டியும் பினியும் மின்னதிர்ச்சி மருத்துவத்தைத் தொடங்கினர். மற்றெந்த நோயைக் காட்டிலும் இத்துயரநோய்க்கு அது நன்கு பயன்படுவதாகக் கண்டனர். உண்மையில் பலர் அதனால் உயிர் பிழைத்தனர்; மறுப்பதற்கில்லை. ஆனால் தொடக்க ஆண்டுகளில் மயக்கமருந்தோ தசைதளர்த்தும் மருந்தோ இன்றி அது செய்யப்பட்டது என்பதையும் எலும்புகள் முறிந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1952இல் தன் முதல் நோய்க் கையேட்டை வெளியிட்டபோது இந்நோய்க்கு இடம் தந்தது. 1968இல் வந்த இரண்டாம் பதிப்பும் அப்படியே. கவலை, உறக்கமின்மை, குற்றவுணர்வு, பதற்றம், பதைப்பு என்பன அறிகுறிகள். முன்பு இத்தகைய நோய் வந்திருக்கக்கூடாது என்பது நிபந்தனை. டிரைபஸ் அறுபத்தொரு ஆண்டுகளுக்கு முன்பே தகர்த்த நிபந்தனைதான் இது.

உளப்பகுப்பாய்வாளர்களும் தம் பங்குக்கு வந்தனர். எலன் டாய்ச் என்னும் அம்மையார் 1944, 1945 ஆண்டுகளில் பெண்ணின் உளவியல் பற்றி இரண்டு தொகுதிகள் எழுதினார். மாதவிடாய் நிற்பதை ஒரு பகுதி இறப்பாகவே அவர் கண்டார்; இனத்துக்குப் பெண் ஆற்றும் பணி அத்துடன் முடிகிறதென்பது அவர் கருத்து. இதை எழுதியபோது அவருக்கு வயது அறுபது. அதன்பின் முப்பத்தேழு ஆண்டுகள் வாழ்ந்து, எழுதி, 1982இல் மறைந்தார். தம் கோட்பாட்டுக்குத் தாமே மறுப்பாக விளங்கினார் எனலாம்.

அடுத்து வந்தது வணிகம். சினைக்குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்ட ஈஸ்ட்ரோஜன் கலவை, பிரிமரின் என்ற பெயரில் அமெரிக்கச் சந்தைக்கு 1942இல் வந்தது. இருபது ஆண்டுகள் அமைதியாக விற்றுக்கொண்டிருந்த அதற்கு இராபர்ட் வில்சன் என்ற புரூக்ளின் மகப்பேற்று மருத்துவர் பெரும் ஊக்கம் தந்தார். என்றும் பெண்மை குன்றாதிருக்க வழி சொல்வதாக 1966இல் அவர் எழுதிய நூல் பரபரப்பாக விற்றது. மாதவிடாய் நிற்றல் ஒரு பற்றாக்குறை நோய் என்றார். நீரிழிவுக்கு இன்சுலின் எப்படியோ அப்படி இதற்கு ஈஸ்ட்ரோஜன் என்றார். மருந்து எடுக்காத பெண் எரிச்சலும் சோம்பலும் கொண்டு கணவனுக்குச் சுமையாவாள் என்ற தொனி நூல் முழுவதும் உண்டு. மருத்துவ இதழ்களில் வந்த விளம்பரங்கள் சிலவற்றில் மனைவிக்கு மருந்து, நிம்மதி கணவனுக்கு. அவள் அழுவது அவளுக்குத் துன்பம் என்பதைக் காட்டிலும் அருகிருப்பவர்க்குத் தொல்லை என்பதே அங்கே மேலெழுந்து நிற்கிறது. 1975இல் அம்மருந்து கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்க்கு வழிவகுப்பதாக இரண்டு ஆய்வுகள் ஒரே இதழில் வெளிவந்தபோது விற்பனை சரிந்தது. வில்சனின் பணிகளுக்கு மருந்து நிறுவனங்களின் பணம் கிடைத்திருந்தது என்பதும் பின்னாளில் தெரியவந்தது.

இவ்வளவும் நிகழ்ந்துகொண்டிருக்கையில் யாரேனும் பெண்களைக் கேட்டார்களா?

கேட்டவர்களுள் முன்னவர் சிகாகோவின் பெர்னீஸ் நியூகார்ட்டன். 1963இல் வெளியான அவரது ஆய்வு, நோயாளிகளை விட்டுவிட்டு நடுவயதுத் தாய்மார்களை அவர்கள் வாழும் இடத்திலேயே சந்தித்தது. நடுவயதின் பெரிய கவலை எது என்ற கேள்விக்குக் கணவனை இழந்துவிடுவோமோ என்பதே பலரின் விடையாக இருந்தது. மாதவிடாய் நிற்பதைப் பெரிதாகக் கருதியவர் மிகச் சிலரே. மருத்துவம் நூற்றைம்பது ஆண்டுகள் எழுதிக் குவித்ததற்கு இத்தனை எளிய மறுமொழி!

மறைந்த சமூகவியலாளர் பாலின் பார்ட், கலிபோர்னியாவின் மனநல மருத்துவமனைகளில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்ட நாற்பது முதல் ஐம்பத்தொன்பது வயது வரையிலான 533 பெண்களின் பதிவேடுகளைப் படித்தார். அவரது ஆய்வு 1970ஐ ஒட்டி வெளிவந்தது. யாருக்கு மனச்சோர்வு மிகுதி என்று பார்த்தால், பிள்ளைகளே உலகம் என்று வாழ்ந்து, அப்பிள்ளைகள் சிறகு முளைத்துப் பறந்தபின் வேறெதுவும் கையில் மிஞ்சாத இல்லத்தரசியர் முன்னின்றனர். தாய்மையை மட்டுமே தொழிலாக வாழ்ந்தவளுக்கு ஐம்பது வயதில் வேலைநீக்கம் கிடைக்கிறது, ஓய்வூதியம் கிடையாது. இவ்வுவமை நம்முடையது, கருத்து அவருடையது. நல்ல தாய் என்று சமுதாயம் யாரைப் போற்றியதோ அவளே நொறுங்கினாள் என்பதுதான் அவ்வாய்வின் உறுத்தல். படிக்கும்போது நமக்கு அமெரிக்கா நினைவுக்கு வரவில்லை. நம் தெருவில் மகனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு மாடியறையைத் தினமும் பெருக்கிவைக்கும் தாய்மார்களே நினைவுக்கு வந்தனர்.

மருத்துவத்துக்குள்ளிருந்தும் ஐயங்கள் எழுந்தன. அயோவாவின் ஜார்ஜ் வினோகூர் 1973இல், மாதவிடாய் நிற்கும் காலத்தில் மனச்சோர்வு ஏற்படும் அளவு பிற காலங்களைவிட மிகுதியாக இல்லை என்று காட்டினார். 1979இல் ஏல் பல்கலைக்கழகத்தின் மிர்னா வைஸ்மன் மனச்சோர்வுற்ற பெண்களை வயதுவாரியாகப் பிரித்து ஒப்பிட்டார். நடுவயதுப் பெண்களின் நோய் மற்ற வயதினரின் நோயிலிருந்து அறிகுறியிலும் வேறுபடவில்லை, கடுமையிலும் வேறுபடவில்லை, முன்பு நோய் வந்திராத தன்மையிலும் வேறுபடவில்லை. அப்படியொரு தனி நோய் உண்டென்பது தொன்மம் என்று கட்டுரைத் தலைப்பிலேயே எழுதினார். அடுத்த ஆண்டு, 1980இல், கையேட்டின் மூன்றாம் பதிப்பு வந்தது. பின்னொடுங்கு பருவத்துத் துயரநோய் அதில் இல்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெயரை நீக்கியதோடு அதைச் சுட்டிய துன்பத்தையும் சிலர் நீக்கிவிட்டனர் என்பதே அடுத்து நேர்ந்த அவலம். மாதவிடாய்க்கும் மனத்துக்கும் தொடர்பே இல்லை, எல்லாம் வாழ்க்கைச் சூழல்தான் என்ற எதிர்முனைக்கு ஆராய்ச்சி நகர்ந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மெக்கின்லே குழுவினர் 1980களில் நடத்திய நெடுங்கால ஆய்வு, நடுவயதுப் பெண்ணின் சோர்வுக்குக் கணவன், பிள்ளைகள், முதிய பெற்றோர் எனக் குடும்பக் கவலைகளே காரணம் என்றது. அறுவையால் மாதவிடாய் நின்ற பெண்களிடம் மட்டும் நிலை மோசமாக இருந்தது. அதே ஆய்வின் தரவுகளிலிருந்து 1994இல் வந்த கட்டுரையொன்று, மாதவிடாய் ஒழுங்கு தவறி நிற்கும்வரையிலான இடைக்காலம் நீண்டால் சோர்வும் கூடுகிறது என்றது. இக்குறிப்பு அப்போது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 'உடம்பு என்னவோ செய்கிறது டாக்டர்' என்று சொன்ன பெண்ணுக்கு முன்பு எல்லாம் கருப்பை என்ற விடை கிடைத்தது. இப்போது எல்லாம் மனசு என்ற விடை. இரண்டிலும் அவள் சொன்னது காதில் விழவில்லை.

இக்காலத்திலேயே மானிடவியலாளர்களும் வந்தனர். மார்ஷா பிளிண்ட் 1975இல் இராசத்தான், இமாசலப் பிரதேசம் ஆகிய பகுதிகளின் இராசபுத்திரப் பெண்களைப் பற்றி எழுதினார். மாதவிடாய் நின்றபின் முக்காடும் அடைப்பும் தளர்ந்து ஆண்கள் அமர்ந்திருக்கும் முற்றத்துக்கு வரும் உரிமை கிடைப்பதால், அவர்களுக்குச் சுழற்சி மாறுவதைத் தவிர வேறு தொல்லை இல்லை என்றார். இக்கட்டுரையை மேனாட்டார் மிகவும் விரும்பி மேற்கோள் காட்டுவர். நமக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. நம்நாட்டில் பின்னாளில் நடந்த பல ஆய்வுகள் மூட்டுவலி, உறக்கமின்மை, சோர்வு, பதற்றம் ஆகியவற்றைத் தாராளமாகவே பதிவு செய்துள்ளன. அயலாரிடம் ஒரு பெண் தன் மனத்தைத் திறப்பாளா என்ற எளிய கேள்வியும் இருக்கிறது. மார்கரெட் லாக் 1993இல் சப்பானியப் பெண்களைப் பற்றி எழுதிய நூல் இதைவிட ஆழமானது. அங்கே உடல்வெம்மை எழுதலைக் குறிக்கத் தனிச்சொல்லே நிலைபெறவில்லை. தோள்பட்டை இறுக்கத்தையே பெண்கள் முதலில் சொன்னார்கள். உடலும் ஊருக்கு ஊர் சற்று மாறுபடலாம் என்று லாக் கருதினார். உணவும் உழைப்பும் மொழியும் உடம்புக்கு வெளியே நின்றுகொண்டிருப்பவை அல்லவே.

1996இல் அமெரிக்காவின் ஏழு இடங்களில் 3,302 பெண்களைக் கொண்டு ஒரு பெரிய ஆய்வு தொடங்கிற்று. அவர்கள் நடுவயதில் இருந்து முதுமைக்குச் செல்லும்வரை ஆண்டுதோறும் சந்திக்கப்பட்டனர். வந்தவர்களை மட்டும் எண்ணும் டில்ட் காலத்துப் பிழை இங்கே இல்லை. பிட்ஸ்பர்க் நகரத்துப் பெண்கள் 221 பேரைப் பத்தாண்டுகள் தொடர்ந்து 2011இல் வெளியிட்ட கட்டுரை, மாதவிடாய் ஒழுங்கு தவறும் காலத்திலும் நின்ற முதல் சில ஆண்டுகளிலும் கடும் மனச்சோர்வு வருவது, அதற்கு முந்தைய காலத்தைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு மிகுதி என்றது. பதற்றம் பற்றிய 2013ஆம் ஆண்டுக் கட்டுரை மேலும் நுட்பமானது. முன்பே பதற்றம் மிகுந்தவர்கள் எக்காலத்தும் அப்படியே இருந்தனர். முன்பு அமைதியாக இருந்தவர்களே இவ்விடைக்காலத்திலும் அதன்பின்னும் புதிதாகப் பதற்றத்துக்கு ஆளாயினர். 'நான் இப்படி இருந்ததே இல்லையே' என்று நாற்பத்தெட்டு வயதில் ஒரு பெண் சொல்லும்போது அவள் சொல்வது உண்மையாக இருக்கக்கூடும் என்பதே இதன் பொருள். பென்சில்வேனியாவில் எலன் பிரீமன் குழுவினர் நடத்திய ஆய்வோ ஓர் ஆறுதலையும் தந்தது. இறுதி மாதவிடாய்க்கு முன் ஏறிய சோர்வு, அது கடந்தபின் ஆண்டு செல்லச் செல்லப் பெரும்பாலோர்க்கு இறங்கிற்று என்று 2014இல் எழுதினர்.

ஏன் சிலருக்கு மட்டும் இது வருகிறது? அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் பீட்டர் சிமிட் குழுவினர் 2015இல் வெளியிட்ட சோதனை இதற்கு ஓரளவு விடை தருகிறது. இப்பருவத்தில் முன்பு மனச்சோர்வுற்றுத் தேறிய பெண்களுக்கும், ஒருபோதும் உறாத பெண்களுக்கும் மூன்று வாரம் ஈஸ்ட்ரோஜன் கொடுத்தனர். பின்பு அவர்கள் அறியாதபடி பாதிப்பேருக்கு வெற்று மருந்தாக மாற்றினர். ஹார்மோன் இறங்கியபோது முன்னவர்களுக்கு மட்டும் சோர்வு திரும்பியது. பின்னவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. இருசாராரின் குருதியிலும் ஹார்மோன் ஒரே அளவில்தான் இருந்தது. வெர்னர் நினைத்ததுபோல வற்றிய சுரப்பு எல்லோரையும் நோயாளியாக்குவதில்லை. அளவு ஏறி இறங்கும் அலைச்சலைச் சிலரது மூளை தாங்குவதில்லை.

இதிலிருந்து மருத்துவத்துக்கு ஒரு விளைவு உண்டு. 2018இல் வெளிவந்த ஆய்வொன்றில் இடைக்காலத்துப் பெண்கள் 172 பேருக்கு ஓராண்டு தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜனோ வெற்று ஒட்டோ கொடுத்தனர். சோர்வுற்றவர்கள் முன்னவருள் நூற்றுக்கு 17 பேர். பின்னவருள் 32 பேர். ஆனால் மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆன பெண்களின் மனச்சோர்வுக்கு அதே ஹார்மோன் பயன்படவில்லை என 2004இல் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. ஐம்பத்தெட்டு வயதிலும் அறுபத்திரண்டு வயதிலும் சோர்ந்து கிடக்கும் பெண்ணை 'அந்த வயதுக் கோளாறு' என்று சொல்லி அனுப்புவது, ஆகவே, இருமடங்கு தவறு. அலை அடங்கிய பின்னும் அவள் மூழ்கிக்கொண்டிருக்கிறாள் என்றால் அது எந்த வயதிலும் வரும் மனச்சோர்வேதான். பேச்சுமுறைச் சிகிச்சைக்கும் சோர்வுநீக்கி மருந்துகளுக்கும் வசப்படுவது. தைராய்டு குறைவோ வைட்டமின் குறைவோ ஒளிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

2024இல் லான்செட் இதழ் இப்பருவத்தைப் பற்றி ஒரு கட்டுரை வரிசையை வெளியிட்டது. மாதவிடாய் நிற்பதால் எல்லாப் பெண்களுக்கும் மனநோய் வரும் என்பதற்குச் சான்றில்லை என்றது அது. முன்பு மனச்சோர்வு வந்தவர், இரவு வெம்மையால் உறக்கம் கெடுபவர், அக்காலத்திலேயே பெருந்துயர் ஒன்று நேர்ந்தவர், இடைக்காலம் மிக நீண்டவர் ஆகியோரையே குறிப்பாகக் கவனிக்க வேண்டும் என்றது. டிரைபஸ் கேட்ட கேள்வியும் பார்ட் கேட்ட கேள்வியும் இங்கே அருகருகே வந்து அமர்ந்திருக்கின்றன.

நம்நாட்டுக்கு உரிய செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது நாற்பத்தாறு, நாற்பத்தேழு. மேனாட்டாரைவிட நான்கைந்து ஆண்டுகள் முன்னதாக. அதற்கும் முன்பே கருப்பையை எடுத்துவிடுவது சில பகுதிகளில் பெருவழக்கு. மராட்டிய மாநிலத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப்போகும் பெண்கள், மாதவிடாயால் வேலைநாள் தவறிக் கூலி போகிறதென்று இளவயதிலேயே கருப்பையை அகற்றிக்கொள்வது 2019இல் வெளிப்பட்டு, அரசு ஒரு குழுவை அமைத்தது. சூலகங்களையும் சேர்த்து எடுத்துவிட்டால் பல ஆண்டுகளில் நிகழவேண்டிய ஹார்மோன் வீழ்ச்சி ஒரே நாளில் நிகழ்ந்துவிடும். மாசசூசெட்ஸ் ஆய்வில் நிலை மோசமாக இருந்தவர்கள் என்று கண்டோமே, அந்த வரிசையில் முப்பது வயதுக் கரும்புவெட்டும் பெண்ணும் வந்து நிற்கிறாள். அறுவை செய்த இடத்தில் தையல் பிரிக்கும்போது, உறக்கம் வருகிறதா, அழுகை வருகிறதா, உயிரோடிருக்கப் பிடிக்கிறதா என்று அவளிடம் கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும்.